காப்பு நகல் மென்பொருளான பாகுலா 19 நாட்களாக நின்றிருந்தது தெரியவே இல்லை: சரிசெய்வதா, வேறு மென்பொருளுக்கு மாறுவதா?

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி) எழுதியது:

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையில் 16 ஆண்டுகளாகக் கணக்கெழுதுகிறேன். கணினிக்கென்று இங்கே தனி ஆள் கிடையாது. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், இணையம் நின்றாலும் என்னைத்தான். அப்படியே சர்வரும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

எங்களிடம் ஐந்து கணினிகள் இருக்கின்றன. அலுவலகத்தில் மூன்று, எடை மேடையில் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் கீழே உள்ள கொழுந்து சேகரிப்பு நிலையத்தில் ஒன்று. ஏறக்குறைய 600 பேர் எங்களுக்கு இலை போடுகிறார்கள். அன்றன்று வந்த எடை, சாக்குக்குக் கழித்தது, ஈரத்துக்குக் கழித்தது என்று ஒவ்வொருவர் பெயரிலும் மூன்று எண்கள் ஏறும். மழை மாதங்களில் அந்த மூன்றாவது எண்தான் எல்லா வழக்குக்கும் வேர். நனைந்த இலைக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதை எந்த விவசாயியும் மறப்பதில்லை. தன் கையில் இருக்கும் சீட்டுக்கும் எங்கள் கணக்குக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வந்தாலும் மாதக் கடைசியில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். நிற்கத்தான் வேண்டும், அது அவருடைய உழைப்பு.

கடந்த மார்ச் மாதம் கீழேயிருந்து வந்த ஒருவர் பாகுலாவை நிறுவிக் கொடுத்தார். பழைய கணினி ஒன்றில் உபுண்டு, 2 டிபி ஹார்டு டிஸ்க். வேலைகளை ஏவும் டைரக்டர், நகலை டிஸ்க்கில் எழுதும் ஸ்டோரேஜ் டீமன், எது எங்கே என்ற பட்டியலான கேட்டலாக் மூன்றும் அதில்தான். ஐந்து விண்டோஸ் கணினிகளிலும் கோப்புகளை எடுத்து அனுப்பும் ஃபைல் டீமன். இரவு 11.05 மணிக்குத் தானே ஓடும், மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாவற்றையும் எடுக்கும், மற்ற ஞாயிறுகளில் அந்த முழு நகலுக்குப் பின் மாறியவற்றை எடுக்கும், வார நாட்களில் கடைசியாக எடுத்ததற்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுக்கும் என்று விளக்கினார். என் கண்ணெதிரே ஒரு கோப்பை அழித்துவிட்டு மீட்டும் காட்டினார். அன்றிலிருந்து நான் பென் டிரைவில் நகல் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. பனிமூட்டம் கலையாமலே இடி இறங்கியது. விளக்கு அணையவில்லை. சுவிட்ச் இருந்த மூலையிலிருந்து படீரென்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. எடை மேடைக் கணினி, அலுவலகத்தின் நெட்வொர்க் சுவிட்ச், முதன்மைக் கணக்குக் கணினி மூன்றும் போய்விட்டன. கணக்குக் கணினியின் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினேன். காதை வைத்துக் கேட்டேன், சுழலும் ஓசையே இல்லை. சர்வர் மட்டும் பண்டக அறையில் தனி யுபிஎஸ்ஸில் இருந்ததால் தப்பியது. “எல்லாம் அதில் பத்திரமாக இருக்கிறது” என்று முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன்.

பாகுலாவுக்குக் கட்டளை கொடுக்கும் பிகன்சோலைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒழுங்காக முடிந்த கடைசி வேலை அக்டோபர் 4, சனிக்கிழமை இரவினுடையது. மறுநாள் ஞாயிறு முழு நகல் பாதியில் நின்றிருக்கிறது. எழுதுவதற்கு இடமுள்ள வால்யூம் (நகல்களை எழுதிவைக்கும் பெரிய கோப்பு) கிடைக்கவில்லை, புதிதாக ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு 19 நாட்களாக அங்கேயே நிற்கிறது. பின்னால் வந்த வேலைகள் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில். டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது. கடைசி வால்யூமின் பெயர் வால்-0035.

எடைச் சீட்டின் கார்பன் நகல்கள் இருக்கின்றன. அலுவலகத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து அக்டோபர் 5 முதல் உள்ளதை மறுபடி ஏற்றுகிறார்கள். கொழுந்தின் சாறு பட்ட சீட்டுகள் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. நகத்தால் மெல்லப் பிரித்தாலும் கார்பன் எழுத்து மேல் சீட்டோடு போய்விடுகிறது. “அக்கா, இது மூன்றா எட்டா?” என்று நாளெல்லாம் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை. தெரியாத இடங்களில் விவசாயியின் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்புகிறோம்.

நான் கேட்க வந்தது இதுதான். நின்றது ஏன்? இப்போது பழைய வால்யூம் கோப்புகளை அழித்து இடம் பண்ணலாமா? பாகுலாவையே வைத்துக்கொள்வதா, எங்களைப் போன்ற இடத்துக்கு வேறு ஏதாவது பொருந்துமா? நிறுவியவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

---

லாஸ்நீர்வீழ்ச்சி_வழி (குன்னூர்) எழுதியது:

அம்மா, முதலில் ஒன்று. எந்தக் கோப்பையும் கையால் அழிக்காதீர்கள். அழித்தால் டிஸ்க்கில் இடம் வரும், ஆனால் கேட்டலாக் அந்த வால்யூம் இன்னும் இருப்பதாகவே நினைக்கும். மீட்கும் நாளில் இல்லாத கோப்பைத் தேடி நிற்கும்.

வால்-0035 என்று நீங்கள் எழுதியதுமே நோய் பிடிபட்டுவிட்டது. பாகுலாவோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் ஒரு வால்யூமின் உச்ச அளவு 50 ஜிபி, வால்யூம்களின் உச்ச எண்ணிக்கை 100, வைத்திருக்கும் காலம் 365 நாள் என்று எழுதியிருக்கும். நிறுவியவர் அதைத் தொடவில்லை. 100 வால்யூம், தலா 50 ஜிபி என்றால் 5,000 ஜிபி. உங்கள் 2 டிபி டிஸ்க்கில், கோப்பு முறைமை தனக்கென்று ஒதுக்குவது போகக் கைக்கு வருவது பாகுலாவின் கணக்கில் சுமார் 1,740 ஜிபி. 34 வால்யூம் முழுதாகப் பிடிக்கும், 35-ஆவது பாதியில் நிற்கும். பழைய வால்யூமை எடுத்து மேலே எழுதலாமே என்றால் ஓராண்டு ஆகாமல் தொடக்கூடாது என்பது கட்டளை. மார்ச்சில் தொடங்கியதை அடுத்த மார்ச் வரை தொடாது. மென்பொருள் சொன்ன சொல்லை மீறாமல் நின்றிருக்கிறது.

அது பிழை என்று அலறாமல் காத்திருந்ததற்கும் காரணம் உண்டு. கெர்ன் சிபால்டு 2000-ஆம் ஆண்டு இதை எழுதத் தொடங்கி 2002-இல் வெளியிட்டார். அப்போது காப்பு நகல் என்றால் காந்த நாடாதான். நாடா தீர்ந்தால் ஒருவர் வந்து புது நாடாவைப் பொருத்துவார், அதுவரை பொறுத்திருப்பதே முறை. வால்யூம், லேபிள், மவுண்ட் என்ற சொற்கள் எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சம். உங்கள் டைரக்டரும் புது நாடா கொண்டுவரச் சொல்லி ஆளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த அழைப்பு ரூட் என்ற நிர்வாகப் பயனரின் உள்ளூர் அஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கும். சர்வரில் ரூட்டின் அஞ்சலைத் திறந்து பாருங்கள், 19 நாள் கடிதங்களும் அங்கே இருக்கும். அமைப்புக் கோப்பின் மெசேஜஸ் பகுதியில் அந்த முகவரியை மாற்றி, நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைப் போடுங்கள். மெயில் என்ற வரியில் மட்டும் போதாது, ஆப்பரேட்டர் என்ற வரியிலும் மாற்ற வேண்டும். வால்யூம் கேட்கும் செய்தி அந்த வழியாகத்தான் வரும். அந்த அஞ்சல் சர்வரை விட்டு வெளியே போகிறதா என்று ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

இனி மீட்பு. ஸ்டோரேஜ் டீமன் இப்போது வால்யூம் கேட்டுக்கொண்டு மாட்டிக் கிடக்கிறது, அதன் வழியாக எதையும் படிக்க முடியாது. பிகன்சோலில் கேன்சல் கட்டளையால் நிற்கும் வேலைகளை எல்லாம் ரத்து செய்யுங்கள். பிறகு ரீஸ்டோர் என்று கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 5 என்பது அந்தக் கணினியின் மிக அண்மை நகல். மீட்கப்பட்ட கோப்புகள் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் கவனம் வேண்டும். எரிந்த கணினி உங்களுக்குத் தேவையில்லை, ஃபைல் டீமன் ஓடும் இன்னொரு விண்டோஸ் கணினியைக் குறிப்பிடலாம். அதில் புதிதாக ஒரு காலி அடைவு உண்டாக்கி, அங்கே இறக்குங்கள். பழைய இடத்திலேயே இறக்கினால், இப்போது அந்தப் பெண்கள் ஏற்றிக்கொண்டிருப்பதன் மேல் விழுந்துவிடக்கூடும்.

அது கைக்கு வந்த பிறகு, வெளியே ஒரு டிஸ்க் வாங்கி எல்லா வால்யூம் கோப்புகளையும் அப்படியே நகலெடுங்கள். யுஎஸ்பி 3 வழியாக ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, இரவில் விடுங்கள். நகல் முடிந்த பின்தான் இடம் பண்ணும் வேலை. பிகன்சோலில் டெலீட் வால்யூம் கட்டளையால் கேட்டலாக்கிலிருந்து முதலில் நீக்க வேண்டும், அதன் பிறகே கோப்பு. மார்ச் முதல் ஜூலை வரை உள்ளவை போனாலே உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். எந்த வால்யூமில் எந்த நாள் வேலை இருக்கிறது என்பதைக் கேட்டலாக்கில் பார்த்து உறுதிசெய்துகொண்டு செய்யுங்கள்.

அமைப்பை மாற்றுவது பற்றி. ஐந்து கணினிக்கும் முழு நகல் எவ்வளவு வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு மாதத்தில் இவ்வளவு நிரம்பியிருப்பதை வைத்து முழு நகல் 180 ஜிபி, மாதத்தின் மற்ற நாட்களுக்கு 60 ஜிபி என்று கொள்கிறேன். இப்போது எல்லாம் ஒரே பூலில், அதாவது ஒரே வால்யூம் தொகுப்பில், கலந்து கிடக்கின்றன. முழு நகலுக்கு ஒரு பூல், மற்றவற்றுக்கு ஒரு பூல் என்று பிரித்துவிடுங்கள். முழு நகல் பூலுக்கு 50 ஜிபி வீதம் 18 வால்யூம், வைத்திருக்கும் காலம் 95 நாள். மற்றதற்கு 10 ஜிபி வீதம் 30 வால்யூம், 40 நாள். இரண்டும் சேர்ந்து 1,200 ஜிபி, டிஸ்க்கில் கால் பங்குக்கு மேல் மிச்சம்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. வைத்திருக்கும் காலம், வால்யூமில் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்துதான் எண்ணப்படும். அதுவும் வால்யூம் நிரம்பியதாகவோ பயன்பட்டதாகவோ குறிக்கப்பட்டால்தான் மறுசுழற்சிக்கு வரும். பாதி நிரம்பிய வால்யூம் திறந்தே கிடந்தால் அடுத்த மாதத்து முழு நகல் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும், அதன் வயது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் வால்யூம் யூஸ் டியூரேஷன் என்ற வரியைச் சேர்த்து முழு நகல் பூலுக்கு 3 நாள், மற்றதற்கு 7 நாள் என்று கொடுங்கள். அந்தக் கெடு முடிந்தால் வால்யூம் தானே மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. பூலின் விதிகளை அமைப்புக் கோப்பில் மாற்றினால் புதிதாகப் பிறக்கும் வால்யூம்களுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே உள்ளவை பிறந்தபோது இருந்த விதியையே சுமந்துகொண்டிருக்கும். பிகன்சோலில் அப்டேட் கட்டளைக்குள் போய், பூலிலிருந்து எல்லா வால்யூம்களுக்கும் விதியைப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மழைக்காலம் ஆயிற்று. நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் காலத்தை 30 நாளாகக் குறைத்துவிட்டு, டிஸ்க் ஏன் இன்னும் நிரம்புகிறது என்று மூன்று மாதம் குழம்பினேன்.

கடைசியாகக் கேட்டலாக். இடி அந்தப் பண்டக அறையில் விழுந்திருந்தால், வால்யூம் கோப்புகள் தப்பியிருந்தால்கூட எதில் எது என்ற பட்டியல் போயிருக்கும். பிஸ்கேன் என்ற கருவியால் வால்யூம்களைப் படித்துப் பட்டியலை மறுபடி கட்டலாம், ஆனால் 35 வால்யூமுக்கும் அது நாள்கணக்கில் ஓடும். ஒவ்வொரு வேலைக்கும் பூட்ஸ்ட்ராப் என்ற சின்ன எழுத்துக் கோப்பை பாகுலா எழுதிவைக்கும். அதையும், கேட்டலாக்கின் நகலையும், அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து தினமும் வேறொரு கணினிக்கு அனுப்புங்கள். மூன்றும் சேர்ந்து சில நூறு எம்பிதான் வரும்.

---

நடுவட்டம்_இறக்கம் (கூடலூர்) எழுதியது:

குன்னூர் அண்ணன் சொன்ன சிகிச்சையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அக்காவின் மூன்றாவது கேள்விக்கு என் பதில் வேறு. எங்கள் பள்ளியில் 22 கணினிகளுக்கு பேக்கப்பிசி என்ற காப்பு நகல் மென்பொருளை வைத்திருக்கிறேன், ஆறாவது ஆண்டு ஓடுகிறது.

பாகுலா 11.05க்கு ஒரு கணினியைத் தட்டும். அப்போது மின்சாரம் இல்லை என்றால் அந்த இரவு போனதுதான். தோல்வியடைந்தால் மறுபடி முயலச் சொல்லும் வரிகள் அதில் உண்டு, ஆனால் நாமாகத் தேடிச் சேர்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் இருக்கும் நேரத்தைத்தான் எண்ண வேண்டும். மரம் விழுந்தால் இரண்டு நாள் இருட்டு. பேக்கப்பிசி மணிக்கு ஒருமுறை விழித்து, எந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, எதற்கு நகல் எடுத்து ஒரு நாள் ஆகப்போகிறது என்று பார்க்கும். இருந்தால் எடுக்கும், இல்லையென்றால் அடுத்த மணி. ஆள் வந்து எதையும் பொருத்தக் காத்திருக்காது. ஒரே கோப்பு பத்துக் கணினியில் இருந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கும், அதனால் டிஸ்க்கும் மெதுவாகவே நிரம்பும். காலையில் உலாவியைத் திறந்தால் ஒவ்வொரு கணினிக்கும் நேராகக் கடைசி நகலுக்கு எத்தனை நாள் வயது என்ற எண் தெரியும். 0.4, 0.6, 0.5 என்று வரும் வரிசையில் 3.7 என்று ஒன்று நின்றால் யார் கண்ணுக்கும் படும்.

மலையில் இதை நிறுவுகிறவர்கள் ஒரு வரியை மறக்காமல் மாற்ற வேண்டும். கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது பிங் என்ற சிறு சோதனைச் செய்தியை அனுப்பும். பதில் வர 20 மில்லி விநாடிக்கு மேல் ஆனால், தொலைதூர இணைப்பில் இருக்கிறது என்று எண்ணி நகல் எடுக்காமல் விட்டுவிடும். அலுவலகத்துக்குள் 1 மில்லி விநாடிதான் வரும், சிக்கல் இல்லை. எங்கள் விடுதிக் கட்டிடத்துக்கு வயர்லெஸ் இணைப்பு, இடையில் சில்வர் ஓக் வரிசை. வெயிலில் 4, 5 என்று வரும். இலை நனைந்துவிட்டால் 40-ஐத் தாண்டும். ஜூன் மாதம் முழுக்க விடுதிக் கணினிகளுக்கு நகலே இல்லை, ஜூலையில்தான் கண்டுபிடித்தேன். அந்த எல்லையை 200 ஆக்கினேன், அதன் பின் தடங்கல் இல்லை. அக்காவின் கொழுந்து சேகரிப்பு நிலையமும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்பதால் சொல்கிறேன்.

எதை வைத்துக்கொண்டாலும் கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுக்க விடாதீர்கள். பாதி எழுதிய பக்கம் நகலில் விழும். மென்பொருளிலேயே ஏற்றுமதி எடுத்து, அந்தக் கோப்பை நகலெடுக்கச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்து நம்பகமான வழி.

---

பூம்பாறைப்படம் (கொடைக்கானல்) எழுதியது:

எந்த மென்பொருள் என்பதை விடுங்கள். அந்த இடி எந்த வழியாக உள்ளே வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. எடை மேடைக் கணினி, சுவிட்ச், கணக்குக் கணினி மூன்றும் ஒன்றாகப் போயிருக்கின்றன, ஆனால் விளக்கு அணையவில்லை. மின்கம்பி வழியாக வந்திருந்தால் இந்த மூன்றோடு நின்றிருக்காது. எடை மேடையிலிருந்து அலுவலகத்துக்கு வரும் நெட்வொர்க் கேபிள் வெளியே, கூரைக்குக் கீழே கட்டித் தொங்குகிறதா பாருங்கள். அது செம்பு. இரண்டு கட்டிடத்துக்கும் இடையே மண்ணின் மின்னழுத்தம் மாறும் அந்தக் கணத்தில் செம்புக் கம்பிதான் பாலம். அந்த இடத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள், இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஒளிக்கும் செம்புக்கும் இடையே மாற்றித் தரும் பெட்டி) வையுங்கள். இல்லையென்றால் அடுத்த இடிக்குச் சர்வரும் போகும்.

அடுத்தது, வெளியே ஒரு நகல். எனக்குப் புகைப்படத் தொழில், 20 ஆண்டுப் படங்கள் இருக்கின்றன. நெகட்டிவ் காலத்தில் பூஞ்சை பிடித்து இழந்தவற்றை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. டிஸ்க்குகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன், ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் உலர்த்திப் போடுகிறேன். ஆனால் ஈரத்தைவிட நான் அஞ்சுவது மண்சரிவு. 2009 நவம்பரில் உங்கள் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த மழையை நீங்கள் நேரில் கண்டவர்கள். தொழிற்சாலைக்கும் உங்கள் வீட்டுக்கும் ஐந்து கிலோமீட்டர் இருந்தாலும், இரண்டும் ஒரே மலைச்சரிவில் இருந்தால், பாதை அறுந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அறும். என் இரண்டாவது டிஸ்க் வத்தலக்குண்டில் தங்கை வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை பஸ்ஸில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கிருப்பதை எடுத்துவருகிறேன்.

இணையம் வழியாக அனுப்ப ரெஸ்டிக் நல்ல மென்பொருள். அனுப்பும் முன்பே மறைகுறியாக்கம் செய்துவிடும், ஏற்றும் வேகத்துக்கு வரம்பு போடலாம். ஆனால் முதல் முழு நகலை இணையத்தில் ஏற்ற நினைக்காதீர்கள். 180 ஜிபியை 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற இடைவிடாமல் எட்டு நாளுக்கு மேல் ஆகும், நம் ஊரில் எந்த இணைப்பும் எட்டு நாள் இடைவிடாமல் நின்றதில்லை. எடைக் கணக்கை மட்டும் ஏற்றுங்கள், அது சில எம்பிதான் இருக்கும். மறைகுறியாக்கத்தின் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி டிஸ்க் இல்லாத இடத்தில் வையுங்கள். அது தொலைந்தால் தரவும் தொலைந்ததுதான், யாராலும் திறக்க முடியாது.

---

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி) எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், அதற்கு முன் சொல்ல ஒன்றும் முடிந்திருக்கவில்லை.

ரூட்டின் அஞ்சல் பெட்டியில் 214 கடிதங்கள் இருந்தன. அக்டோபர் 5 நள்ளிரவுக்குப் பிறகு வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். வால்யூம் வேண்டும், வால்யூம் வேண்டும் என்று எல்லாவற்றிலும் அதே வரி. இப்போது அவை என் கைபேசிக்கு வருகின்றன. நல்லபடியாக முடிந்தாலும் ஒரு கடிதம் வரவேண்டும் என்று வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குள் எல்லாக் கடிதமும் வரவில்லை என்றால் தொழிற்சாலைக்குப் போனதும் முதல் வேலை அதுதான்.

அக்டோபர் 4 வரையிலான கணக்கு முழுதாக வந்துவிட்டது. குன்னூர் ஐயா சொன்னபடி காலி அடைவில் இறக்கினேன். சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று யோசித்து, அன்று சீட்டோடு வந்திருந்த ஒரு பெரியவரின் புத்தகத்தை வாங்கினேன். செப்டம்பர் 18, எடை 37, சாக்கு 1, ஈரம் 3. திரையிலும் அதே மூன்று எண்கள். அவருடைய மாதம் முழுவதையும் வரிவரியாக ஒத்துப்பார்த்தோம். பிறகு இன்னும் 11 பேருடைய புத்தகங்கள். ஒரு எண்ணும் மாறவில்லை. இனி ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி முந்தைய மாதத்தை இப்படி இறக்கி, எடை மேடைக்கு வருகிறவர்களில் ஐந்து பேர் புத்தகத்தோடு ஒத்துப்பார்ப்பது என்று முதலாளியிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன். அக்டோபர் 5 முதல் 24 வரை கையால் ஏற்றியதில் இன்னும் 43 சீட்டுகள் தெளியவில்லை. அவற்றுக்கு விவசாயியின் புத்தகத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கேபிள் விஷயம் கொடைக்கானல் நண்பர் சொன்னது அப்படியே. எடை மேடையின் தகரக் கூரையை ஒட்டி 60 மீட்டர் செம்புக் கேபிள் தொங்குகிறது. இழைக் கேபிளுக்குச் சொல்லியாயிற்று. பேக்கப்பிசியைச் சேகரிப்பு நிலையக் கணினிக்கு மட்டும் வேறொரு பழைய கணினியில் போட்டுப் பார்க்கிறேன், பிங் எல்லையை 200 ஆக்கிவிட்டேன். மற்ற நான்கும் பாகுலாவில், புதுப் பூல்களோடு தொடரும். பழைய முழு நகலின் அளவைப் பார்த்தேன், 176 ஜிபி, ஐயாவின் ஊகம் நான்கு ஜிபிதான் தள்ளி.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது வால்-0012-இல் உள்ளீட்டுப் பிழை என்று நின்றுவிட்டது. அதைத் தாண்டி மற்ற 34-ஐயும் எடுத்துவிட்டேன். பழையவற்றை இன்னும் நீக்கவில்லை. 0012 மே மாதத்தினுடையது, அதை விட்டுவிடலாமா?

---

லாஸ்நீர்வீழ்ச்சி_வழி (குன்னூர்) எழுதியது:

வால்யூமை விடலாம், டிஸ்க்கை விட முடியாது. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் அந்த டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். நிலுவையில் உள்ள செக்டர்கள் (டிஸ்க் படிக்கத் திணறும் இடங்கள்) என்ற வரியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் அதில் புது நகல் எதையும் எழுதாதீர்கள். 0012 தேவை என்றால் டிடிரெஸ்க்யூ கொண்டு எடுங்கள். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து முயலும்.

---

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி) எழுதியது:

24 என்று காட்டுகிறது. புது டிஸ்க் இரண்டு சொல்லிவிட்டேன், ஒன்று சர்வருக்கு, ஒன்று மேட்டுப்பாளையத்தில் என் அண்ணன் வீட்டுக்கு. வியாழக்கிழமை தூள் ஏற்றிப்போகும் லாரி திரும்பும்போது கொண்டுவரும். அதுவரை கணக்கின் ஏற்றுமதியைத் தினமும் மாலை பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.